அவையும் கணினியும்

கூட்டங்களிற் கணினியைத் துணைக்கொண்டால் பூசல் ஒழியும் என்பர் சிலர். அக்கருத்து ஆராயற்பாலது.

கருவியொன்று அவைக்கு எத்துணை உதவும் என்பதற்கு மாத்தளை மாவட்டத்து அளுவிகாரை பழஞ்சான்றாகும். கி.மு. 1ஆம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், வாய்மொழியாய் வழங்கிய திரிபிடகம் அங்கே ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. எழுத்து திருநூலைக் காத்தது; ஆயின், அம்மன்னன் காலத்தே மகாவிகாரைக்கும் அபயகிரிக்கும் இடையே தோன்றிய பிளவைத் தீர்த்திலது. சங்கம் ஒன்றுபட்டது 12ஆம் நூற்றாண்டில், முதலாம் பராக்கிரமபாகுவின் முயற்சியாலேயாம்.

கணினித் துணையுடன் நிகழும் கூட்டங்களை ஆராய்ந்து பூல், ஹோம்ஸ், டிசாங்டிஸ் என்னும் அறிஞர் மூவர் 1991இல் வெளியிட்ட கட்டுரையும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது. இத்தகைய கூட்டங்களில் உறுப்பினர் தத்தம் கருத்தைப் பெயரின்றிப் பதியலாம். அது பொதுத்திரையில் தோன்றும். வாக்கும் உடனே கணிக்கப்படும். எனினும், ஒரே கருவியைப் பெற்ற குழுக்கள் யாவும் முரணை ஒருபடித்தாய் ஆண்டில. விளைவு, அவரவர் கையாண்ட முறையைப் பொறுத்தே அமைந்தது.

பெயர் மறைந்தால் எளியோனும் அஞ்சாது கருத்துரைப்பான். ஆனால், சொல்லுக்குப் பொறுப்பேற்பார் இலராவர். வாக்கெண்ணிக்கை முந்தினாற் காரணம் ஆராய்தல் பிந்தும். வள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். கணினி அஞ்சாமையை ஓரளவு அளிக்கும், அறிதலை அளியாது. அதனை மாந்தரே பயிலல் வேண்டும்.