பழங்கற்படியும் இற்றைத் திருப்பணியும்

பழங்கோயில்களைப் புதுக்குதல் பற்றி எழும் வழக்குகளில் இரு கட்சியாரும் வரலாற்றையே சான்றாகக் காட்டுகின்றனர். கோயில் வழிபாட்டிற்குரியது, செம்பியன் மாதேவியார் செங்கற்றளிகளைக் கற்றளிகளாக்கினார், ஆதலின் புதுக்குதல் மரபே என்பர் ஒரு சாரார். பழங்கட்டடம் தன் காலத்தின் சான்று. அதனை மாற்றுதல் சான்றை அழித்தலேயாம் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றின் தகுதியைக் கல்வெட்டு கொண்டே ஈண்டு ஆராய்வாம்.

முதற்கட்சியார் காட்டும் சான்று மெய்யே. ஆயின் அவர் அதன் ஒரு பாதியையே காட்டுகின்றனர். திருக்கோடிகாவில் கற்றளி எடுப்பித்த அத்தேவியார், ஆங்கிருந்த பழைய கல்வெட்டுகளைப் புதுச்சுவரில் மீள வெட்டுவித்தார். அவை பழங்கற்படி என்றே குறிக்கப்பெற்றுள்ளன. படியைப் படியென்றே கூறிய நேர்மை போற்றற்பாலது. திருமழபாடியில் முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் விமானத்தைப் பிரித்துக் கட்டப் பணித்தபோது, சுவரிலுள்ள கல்வெட்டுகளை முன்னரே புத்தகத்தில் படியெடுக்குமாறும் ஆணையிட்டான். இராசேந்திரன் காலத்தில் அவை மீளப் பொறிக்கப்பெற்றன. எனவே இம்மரபைச் சான்று காட்டுவோர், படியெடுத்தலையும் அதன் கூறாகவே ஏற்றல் வேண்டும்.

முன்னோர் யாவரும் இவ்வாறே செய்தனர் எனக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. படியெடுக்கப்பெற்றவையே இன்று நமக்குப் புலனாகின்றன. படியெடாது இடிக்கப்பெற்றவை தடமின்றி மறைந்திருக்கும். அன்றியும், படி மூலத்திற்கு ஈடன்று. திருக்கோடிகாப் படிகளுள் பல்லவர் காலச் செய்தி உண்டு. அதனைத் தாங்கும் எழுத்தோ சோழர் காலத்தது. பல்லவர் கால எழுத்தின் வடிவை ஆராய்வார்க்கு அப்படிகள் உதவா. வெட்டியவன் பிழைபடப் படித்திருப்பின், அதனைத் திருத்த மூலம் வேண்டும்.

இற்றைப் பணியின் கேடு வேறு வகையது. மணலை விசையுடன் வீசிக் கல்லைத் துலக்குங்கால், ஆழமின்றி வெட்டிய எழுத்து தேய்ந்தொழிகின்றது. தரையை உயர்த்துங்கால், குமுதத்திலும் சகதியிலும் உள்ள கல்வெட்டுகள் மண்ணுள் மறைகின்றன. வண்ணப்பூச்சு பழைய ஓவியத்தை மூடுகின்றது. கட்டடம் நின்றவாறே நிற்றலின், இழந்தது இன்னதென்று காண்போர்க்குத் தோன்றுவதில்லை. இடித்தலினும் இது கொடிது என்பது எம் கருத்து.

இனி, எதனையும் தொடற்க என்னும் கட்சியும் முழுதும் பொருந்தாது. ஒழுகும் மேற்றளத்தையும் சுவரைப் பிளக்கும் மரத்தையும் விட்டுவைத்தல் காத்தலாகாது. 1964ஆம் ஆண்டு வெனிசுப் பட்டயமும் பழுதுபார்த்தலை விலக்கவில்லை. ஊகம் தொடங்குமிடத்துப் பணி நிற்க வேண்டும் என்றே வரையறுத்தது. வழிபாடு நடக்கும் திருவரங்கத்தில் செய்த பணிக்கு 2017இல் யுனெசுகோ ஆசிய பசிபிக் விருது கிடைத்தமை, வழிபாடும் பாதுகாப்பும் முரணாவன அல்ல என்பதைக் காட்டும்.

தொல்பொருட் காப்புக்கு 1958ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டமும் 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டமும் உள்ளன. ஆயினும் 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின்கீழ் வரும் கோயில்களுட் பல அவ்விரண்டன் காப்பையும் பெற்றில. 2021 சூன் 7ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் 75 நெறிகளை வகுத்தமைக்கு இந்நிலையும் ஓர் ஏதுவாம்.

சட்டம் நிற்க, தமிழாராய்வோர்க்குரிய கடன் ஒன்றுண்டு. ஊர்ப்பெயர், நில அளவை, வரி, இசைக்கும் கூத்துக்கும் விட்ட நிவந்தம் ஆகியவற்றை நாம் அறிவது இக்கற்களாலேயே. ஒரு கோயிலில் பணி தொடங்குமுன் அதன் கல்வெட்டுகள் படியெடுக்கப்பெற்றனவா, படித்துப் பதிப்பிக்கப்பெற்றனவா என வினவுதல் அணிமையிலுள்ள தமிழ்த்துறைக்கு அரிதன்று. முதுகலை மாணவர்க்கு அதனினும் நல்ல பயிற்சியும் வேறில்லை. புத்தகத்தில் படியெடுத்த பின்னரே சுவரைப் பிரித்த திருமழபாடியின் நெறி, ஆயிரம் ஆண்டு கழிந்தும் நம் கடமையின் கீழெல்லையாகவேனும் நிற்றல் வேண்டும்.