எடை குறைத்தவரின் நெடும்பயணம்: டெல்டாச் சாலையில் ஓர் அலசல்

அறக்கொடை மிதிவண்டிப் பயணம் என்பது, ஒருவர் குறிப்பிட்ட தொலைவை ஓட்டி முடிப்பதாக வாக்களிக்க, அந்த வாக்கை நம்பி உற்றாரும் ஊராரும் தரும் பணம் மருத்துவத்துக்கோ கல்விக்கோ போய்ச் சேரும் விளையாட்டு முறையாகும். தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார், 1980-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நண்பர்களுடன் ஓட்டி 10,200 டாலர் திரட்டித் தொடங்கிய 'பான்-மாஸ் சேலஞ்ச்', டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்கு இதுவரை நூறு கோடி டாலருக்கும் மேல் சேர்த்துத் தந்திருக்கிறது. ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் டொராண்டோவிலிருந்து நயாகராவை நோக்கிச் செல்லும் இரண்டு நாள் புற்றுநோய் நிதிப் பயணம் 2008-இல் தொடங்கியது. அதே ஆண்டில் தொடங்கி ஆண்டுதோறும் மலையேறும் நீலகிரிச் சுற்றிலும் அறப்பணிக்காக ஓட்டுவோர் உண்டு. இத்தகைய பயணங்களைப் பற்றிய செய்திகளில் அடிக்கடி இடம்பெறுபவர், முப்பது நாற்பது கிலோ குறைத்த பின் நூறு கிலோமீட்டரை ஓட்டி முடித்தவர். முதற்செயலுக்குக் கிடைத்த பரிசே இரண்டாவது செயல் என்பதுபோல அச்செய்திகள் எழுதப்படுகின்றன. விளையாட்டு நோக்கில் பார்த்தால் இவை இரண்டும் வெவ்வேறு திறன்கள். எடை குறைப்பில் ஒருவருக்கு வெற்றி தந்த பழக்கமே நெடும்பயணத்தில் அவரைப் பாதி வழியில் இறக்கிவிடக்கூடும்.

இதைத் தெளிவாகக் காண, காவிரி டெல்டாவில், திருவாரூர் மாவட்டத்தின் வெண்ணாற்றங்கரையில் அமைந்த கூத்தாநல்லூரைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி சென்று திரும்பினால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஆற்றுப் பாலங்களையும் வாய்க்கால் மதகுகளையும் தவிர ஏற்றம் என்று சொல்ல ஏதுமில்லை. சமதளத்தில் மிதிவண்டியைத் தடுப்பவை இரண்டு: டயர் சாலையில் உருளும்போது எழும் உருளல் தடை, முன்னேறும் உடலை எதிர்க்கும் காற்றுத் தடை. இவற்றில் எடையை நேரடியாகப் பொறுத்தது முதலாவது மட்டுமே. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும் 110 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 90 வாட் ஆற்றல் தேவைப்படும் எனக் கணக்கிட்டால், அவர் 80 கிலோவுக்கு இறங்கிய பின் உருளல் தடையில் மிச்சமாவது 10 வாட் அளவே. உடல் ஒடுங்குவதால் காற்றுத் தடையில் இன்னும் ஐந்தாறு வாட் குறையலாம். உடல் எடையில் கால் பங்குக்கு மேல் போன பிறகும் சாலையில் கிடைக்கும் இலாபம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான்.

மலையில் இந்தக் கணக்கு முற்றிலும் மாறுகிறது. மசினகுடிப் பக்கமிருந்து உதகைக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் கல்லட்டிச் சாலை, நீலகிரிச் சுற்றில் ஓட்டுநர்கள் பெரிதும் அஞ்சும் பகுதியாகும். அங்கே உடலோடு சுமக்கும் ஒவ்வொரு கிலோவையும் கால்களே உயரத் தூக்க வேண்டியிருப்பதால், 30 கிலோ குறைந்தவர் முன்பு இறங்கித் தள்ளிய இடத்தில் இப்போது ஏறி அமர்ந்து ஓட்ட முடியும். டெல்டாவில் எடை குறைத்தவர் தம் உழைப்பின் பலனை வேகத்தில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அவருக்குக் கிடைத்திருப்பது வேறு: முழங்காலில் விழும் பளு குறைந்திருக்கிறது, வெப்பத்தை வெளியேற்ற உடல் படும் பாடு குறைந்திருக்கிறது, ஐந்து மணி நேரம் இருக்கையில் அமர முடிகிறது. கடிகாரத்தில் தெரியாத இந்தப் பலன்கள்தாம் தொலைவை முடிக்க வைப்பவை.

டெல்டாவின் மலை காற்றுதான் என்று சொன்னால் மிகையில்லை. மணிக்கு 20 கிலோமீட்டரில் செல்பவரை 15 கிலோமீட்டர் எதிர்க்காற்று சந்தித்தால், காற்றுத் தடை வேகங்களின் கூட்டுத்தொகையின் இருமடிப்படி உயர்வதால், அது ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். அந்த நிலையில் வேகத்தைக் காப்பாற்ற முனைவது வீண். கோடையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்நாட்டுக்குள் வீசும் என்பதால், விடியுமுன் புறப்பட்டுக் கிழக்கே சென்று, காற்று எழுந்தபின் அதை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே திரும்புவதே அறிவுடைமை. ஆனால் அந்தத் திட்டம் திரும்பும் வழியை உச்சி வெயிலில் கொண்டு நிறுத்துகிறது. மார்கழி, தை மாதங்களில் வெயில் தணிந்திருக்கும். எனினும் தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கியதும் களம் போதாமல் சாலையோரம் நெல் காயும், வைக்கோல் சிதறிக் கிடக்கும், கொள்முதல் நிலையங்களை நோக்கி டிராக்டர்கள் வரிசைகட்டும். உலர்ந்த நெல்மணிகளின் மீது மெல்லிய டயர் எளிதில் வழுக்கும். அப்போது ஒதுங்கிச் செல்ல வேண்டியவர் மிதிவண்டிக்காரரே. விளைச்சலைப் பாதுகாக்கும் விவசாயிக்கு அந்தச் சாலையில் இருக்கும் தேவை, பொழுதுபோக்காகவோ அறத்துக்காகவோ ஓட்டுபவரின் தேவையைவிடப் பெரியது.

இனி உடலுக்கு வரலாம். குறையும் எடை முழுவதும் கொழுப்பாக இருப்பதில்லை. அதில் ஒரு பகுதி, பெரும்பாலும் கால் பங்கை ஒட்டி, தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத் திசுக்களாகும். புரதமும் பளுப் பயிற்சியும் இல்லாமல் விரைந்து இளைத்தவருக்கு இந்த இழப்பு கூடும். அவர் பெடலை மிதிக்கும் தொடை, பருத்திருந்த காலத்தில் அன்றாடம் பெரும் பளுவைத் தாங்கி உரமேறியிருந்த தொடையைவிட வலுக் குன்றியதாகவே இருக்கும். அடுத்தது வளர்சிதை மாற்றத் தகவமைப்பு. அதாவது, இளைத்த உடல் ஓய்வில் எரிக்கும் ஆற்றலை, அதன் புதிய எடைக்கு எதிர்பார்க்கப்படும் அளவுக்கும் கீழே இறக்கிக்கொள்ளுதல். அமெரிக்கத் தொலைக்காட்சி எடை குறைப்புப் போட்டியொன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து கெவின் ஹால் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களது ஓய்வுநிலைச் செலவு எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கிலோகலோரி குறைந்திருந்ததைக் காட்டியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரோசன்பாம், லைபெல் ஆகியோரின் ஆய்வுகளோ, 10 சதவீத எடை குறைந்த உடலில் மென்மையான உழைப்பின்போது தசையின் செயல்திறன் சுமார் 20 சதவீதம் கூடுவதைக் கண்டன. இழந்த எடை திரும்பிவராமல் காக்க முயல்வோருக்கு இது கெட்ட செய்தி, ஏனெனில் அதே நடைக்கு உடல் முன்பைவிடக் குறைவாகவே எரிக்கிறது. மெதுவாக, மூச்சிரைக்காமல், பேசிக்கொண்டே ஓட்டும் நெடும்பயணிக்கோ அதே சிக்கனம் துணையாக நிற்கக்கூடும். ஒருவரைப் பல ஆண்டுகள் வாட்டிய உடலியல் குணம் ஒரு விளையாட்டில் சாதகமாக மாறுவது அரிது. அது நிகழக்கூடிய இடம் வேகப் பந்தயம் அன்று, பொறுமை கோரும் நெடுந்தொலைவே.

அந்தச் சாதகத்தை வீணாக்குவது பட்டினி. நூறு கிலோமீட்டர் சமதளப் பயணம் 1,500 முதல் 2,000 கிலோகலோரி வரை கேட்கும். தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்து சேமித்து வைக்கப்படும் வடிவமான கிளைக்கோஜன், நன்கு உண்ட உடலிலேயே ஏறத்தாழ அரைக் கிலோ அளவில்தான் இருக்கும். மாதக்கணக்கில் சோற்றைக் குறைத்தவரிடம் அது இன்னும் குறைவு. இருப்பு தீர்ந்ததும் கால்கள் கனத்து, கண் இருண்டு, சிந்தனை குழம்பி, ஓட்டுநர் திடீரென நின்றுவிடுகிறார். இதைத் தவிர்க்கும் வழி விளையாட்டு மருத்துவத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது: பசிக்கும் முன்பே, மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உண்ண வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் உண்டு; ஆகவே மணிக்கு ஒரு பழமும் கொஞ்சம் கடலைமிட்டாயும், அல்லது இரண்டு மூன்று இட்லிகள். சொல்வதற்கு இது எளிது. ஓராண்டு, ஈராண்டு காலம் ஒவ்வொரு கவளத்தையும் எண்ணி, இனிப்பைக் கண்டால் முகம் திருப்பி, பசியைப் பொறுப்பதையே ஆற்றலாக வளர்த்துக்கொண்ட ஒருவருக்கு, சாலையோரத்தில் நின்று சர்க்கரை கலந்த எலுமிச்சைச் சாற்றைக் குடிப்பது தோல்வியாகவே படும். அவர் அதைத் தள்ளிப்போடுகிறார்; நாகப்பட்டினம் வரை நன்றாகவே ஓட்டுகிறார்; திரும்பும் வழியில் உடல் கணக்குக் கேட்கிறது. ஆதலால் இருக்கையில் அமர்ந்தபடி உண்ணுவது, மிதிக்கும் கால்களைப் போலவே, வாரந்தோறும் பயிற்சி செய்து பழக வேண்டிய திறன். புறப்படும் நாளன்று புதிதாகக் கற்க முடியாதது. முஸ்லிம் மக்கள் பெருமளவில் வாழும் கூத்தாநல்லூரில் ரமலான் மாதத்தை நெடும்பயிற்சிக்கு ஒதுக்காமல், நோன்பு திறக்கும் நேரத்தை ஒட்டிய சிறு ஓட்டங்களோடு நிறுத்திக்கொள்வது நலம். அந்த மாதத்தின் நோன்புக் கஞ்சியோ, அரிசியும் பருப்பும் உப்பும் நீரும் ஒருங்கே சேர்ந்து எளிதில் செரிப்பதால், பயணம் முடிந்த உடலுக்கு ஆண்டு முழுவதும் பொருந்தும் உணவாகும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகிறது. 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 'இந்தியாப்' (INDIAB) நீரிழிவு ஆய்வின்படி தமிழகத்தில் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினர் நீரிழிவாளர்கள் என்பதால், எடை குறைத்து ஓட்ட வருபவர்களில் பலர் அந்த வரலாறு உடையவர்களே. பழைய எடைக்கு எழுதிய இன்சுலினையோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையையோ அளவு மாற்றாமல் எடுத்துக்கொண்டு நெடுந்தொலைவு ஓட்டினால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த டிர்செபடைடு வகை ஊசியால் இளைத்தவருக்குச் சிக்கல் வேறு: அந்த மருந்து பசியை அடக்குவதோடு இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துவதால், வண்டியில் உண்டது வயிற்றிலேயே நின்று குமட்டலாம். மருந்தின் அளவையும் வேளையையும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ளாமல் பயணத்தைத் தொடங்கவே கூடாது.

தண்ணீரில் இரு பக்கமும் இடர் உண்டு. குறைவாகக் குடிப்பது யாவரும் அறிந்த பிழை. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து இரத்தத்தின் சோடியத்தைத் தாழ்த்திக்கொள்வது, மெதுவாக நெடுநேரம் ஓட்டுபவரிடையே நேரும் பிழை. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. எனவே உப்பிட்ட மோர் அதற்குத் துணையாக வேண்டும். எடை குறைந்தபின் தொங்கும் தோல் மடிப்புகள் வியர்வையில் உராய்ந்து புண்ணாவது பலர் வெளியே சொல்லத் தயங்கும் உண்மை. இறுக்கமான ஆடையும் களிம்பும் இதற்குப் போதும்.

சாதனையை எதைக் கொண்டு அளப்பது? பாரிசின் ஆடாக்ஸ் கழகம் வகுத்த விதிப்படி இந்தியாவிலும் நடைபெறும் நெடுந்தூர ஓட்டங்களில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 600-க்கு 40 மணி என உச்சவரம்பு உண்டு. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் தகுதி ஒன்றே. ஓய்வு உட்பட மணிக்கு 15 கிலோமீட்டர் என்ற அந்த ஒழுங்கு, அறக்கொடைப் பயணத்துக்கும் மிகப் பொருத்தமானது. தமிழ் ஊர்களுக்கு இந்தப் பார்வை புதிதன்று. ஒலிபெருக்கி முழங்க, நாள்கணக்கில் தரையில் கால் ஊன்றாமல் திடலைச் சுற்றிச் சுற்றி ஓட்டிய சைக்கிள் சாகசக்காரரின் சட்டையில் ரூபாய்த் தாள்களைக் குத்திய மக்கள், அவருடைய வேகத்தை ஒருபோதும் கேட்டதில்லை. நிற்காமல் இருந்ததற்கே கொடுத்தார்கள்.

நிதி திரட்டுவோர் கவனிக்க வேண்டியதும் இதில்தான் இருக்கிறது. குறைத்த கிலோவுக்கு இவ்வளவு என்று நன்கொடை பேசினால், பயணத்துக்கு முந்தைய வாரங்களில், உடல் உணவைச் சேமிக்க வேண்டிய அந்த வேளையில், ஓட்டுநர் மேலும் பட்டினி கிடக்கத் தூண்டப்படுவார். முடிவிடத்தில் எடை பார்ப்பதும் பொய்க்கணக்கே. அங்கே தராசு காட்டும் குறைவு பெரும்பாலும் வியர்வை. அடுத்த ஓரிரு நாள்களில், ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்துவைப்பதால், எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். அது கொழுப்பன்று என்று முன்பே அறியாதவர் மனம் உடைந்து மீண்டும் உணவைத் துறப்பார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் உழைத்து ஊருக்குக் கொடுத்துப் பழகிய கூத்தாநல்லூர்க் குடும்பங்கள் இத்தகைய பயணம் ஒன்றுக்குக் கை கொடுக்க முன்வந்தால், வாக்குறுதியைக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எழுதிக்கொள்வதும், திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் சாப்பாட்டு நிறுத்தங்களைக் கட்டாயமாக்கி அங்கே உண்டவருக்கே அடுத்த பகுதிக்கான முத்திரை குத்துவதும் செய்யத்தக்கவை.