தங்கலான்: புதையலும் கூலியும்

தங்கலான், பா. இரஞ்சித் இயக்கத்தில் 2024 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படம். விக்ரம், பார்வதி திருவோத்து, மாளவிகா மோகனன், பசுபதி, டேனியல் கால்டஜிரோன் ஆகியோர் நடித்துள்ளனர். இசை ஜி. வி. பிரகாஷ் குமார். கோலார் தங்கவயலின் தோற்றக்காலமே படத்தின் கதைக்களம். படம் வெளியானபோது விக்ரமின் நடிப்பும் ஒப்பனையும் மாயக்காட்சிகளுமே அதிகம் பேசப்பட்டன. பொன் எப்படி எடுக்கப்பட்டது, எடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்னும் கேள்வியைப் படம் எப்படிக் கையாண்டது என்பது பற்றிய பேச்சு குறைவு. தங்கவயலைத் திரையில் மட்டுமே அறிந்த மாணவர்களுக்கு அந்தக் கேள்விதான் முக்கியமானது.

கதைக்காலம்

படம் 1850-ஐ ஒட்டிய காலத்தில் நடக்கிறது. வட ஆற்காட்டு வேப்பூரைச் சேர்ந்த தங்கலான் தன் நிலத்தை இழந்து பண்ணையடிமை ஆகிறான். கிளெமென்ட் என்னும் ஆங்கிலேயர் பொன்னில் பங்கு தருவதாக ஆசை காட்ட, ஊராரோடு பொன் தேடிப் புறப்படுகிறான். பொன்னைக் காப்பவள் ஆரத்தி என்னும் மாயப்பெண்.

வரலாற்றில் 1850-ஆம் ஆண்டில் கோலாரில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பு, 1802-இல், திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் மைசூரின் கிழக்கெல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் அப்பகுதியில் பொன் கிடைப்பதைக் கேள்விப்பட்டார். ஊர்மக்கள் மண்ணைக் கொண்டுவந்து அவர் முன்னிலையிலேயே அலசிப் பொற்துகள் எடுத்துக் காட்டினர். மாரிக்குப்பத்தில் பறையர்கள் குழிக்குள் இறங்கிக் கல் எடுப்பதையும், கூடைகள் கைமாறி மேலே வருவதையும், பெண்கள் அந்தக் கல்லை இடித்து அலசுவதையும் வாரன் கண்டார். அதன் பின் நெடுங்காலம் கழித்து, நியூசிலாந்துப் போரில் பணியாற்றி ஓய்வுபெற்ற லவெல் என்னும் அயர்லாந்துக்காரர் 1871-இல் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டியில் கோலாருக்குப் போனார். பிறகு மைசூர் அரசிடம் உரிமமும் பெற்றார். ஜான் டெய்லர் கம்பெனி வந்தது 1880-இல்.

படத்தின் கிளெமென்ட் இவர்கள் அனைவரையும் சேர்த்துப் பிசைந்த பாத்திரம். கதைக்காக ஆண்டுகளைச் சுருக்கியதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் 1850-இல் நின்றுவிட்டதால், கம்பெனி வருவதற்கு முன்பே படம் முடிந்துவிடுகிறது. இதன் விளைவுகளைப் பின்னர் காணலாம்.

ஊர்க்காட்சிகள்

படத்தின் வலுவான பகுதி அதன் முதற்பகுதி. விளைந்த நெல் எரிவதும், வரி கட்ட முடியாமல் நிலம் போவதும், சொந்த வயலிலேயே கூலியில்லாமல் உழைக்க நேர்வதும் மிகையில்லாமல் சொல்லப்படுகின்றன. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தங்கவயலுக்குப் போன தலித் மக்களைப் 'பஞ்சம் பிழைக்கப் போனவர்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். பஞ்சம் உண்மைதான். ஆனால் ஆண்டையின் வயலை விட்டு வெளியேறுவதும், உழைப்புக்குக் காசாகக் கூலி பெறுவதும் அவர்களுக்குத் தனியே ஒரு விடுதலையாக இருந்தன. தங்கலான் ஊராரைத் திரட்டிக் கிளம்பும் இடத்தில் படம் அதைச் சரியாகப் பிடித்துள்ளது.

பெண்களுக்கு ரவிக்கை கிடைக்கும் காட்சியும் அத்தகையது. முதன்முறையாக ரவிக்கை அணியும் பெண்களின் கூச்சமும் சிரிப்பும் ஆட்டமும், படத்தின் நீண்ட வசனங்கள் சொல்ல முயல்வதைவிட அதிகம் சொல்கின்றன. நாமம் தரித்த கெங்குப்பட்டராகப் பசுபதி செய்திருப்பதும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. வைணவனாகிவிட்டால் உயர்ந்துவிடலாம் என்று நம்பிய ஒரு மனிதரைப் படம் கேலிக்கு இடையிலும் பரிவோடு காட்டுகிறது.

புதையல்

சிக்கல், கூட்டம் பொன் இருக்கும் இடத்தை அடைந்த பிறகு தொடங்குகிறது. அங்கே பொன் ஒரு புதையலாகிவிடுகிறது. அதற்குக் காவல் உண்டு; பாம்பும் சிறுத்தையும் உண்டு; காவலை வென்றால் பொன் நம்முடையது.

கோலார்ப் பொன் அப்படிக் கிடைத்ததல்ல. குவார்ட்சு என்னும் வெள்ளைக்கல் பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் அது கலந்திருந்தது. பாறையைத் துளையிட்டு, வெடிவைத்துப் பிளந்து, வண்டியில் தள்ளி, கூண்டில் மேலேற்றி, ஆலையில் மாவாக இடித்து, பாதரசத்தில் பிடித்து, எஞ்சியதைச் சயனைடு கரைசலில் ஊறவைத்துத்தான் பொன்னைப் பிரித்தனர். தங்கவயலின் முழு வாழ்நாளையும் கணக்கிட்டால் ஒரு டன் பாறைக்குக் கிடைத்தது சராசரியாக ஏறத்தாழ இரண்டு பவுன். தொடக்கத்தில் அதைவிடப் பல மடங்கு கிடைத்தது. 2001-இல் மூடும் தறுவாயில் அரைப் பவுன்கூடத் தேறவில்லை. இந்த வகையில் 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. ஊரைச் சுற்றி நிற்கும் சாம்பல் நிறச் சயனைடு மேடுகள் அந்த இடித்த மாவின் மிச்சம்தான்.

பொன் குறையக் குறையச் சுரங்கம் ஆழமாகிக்கொண்டே போனது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறும் விபத்துகள் அடிக்கடி நேர்ந்தன. சுரங்கத்துக்காகச் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து மின்சாரம் எடுத்து 92 மைல் தொலைவுக்குக் கம்பி இழுத்தார்கள். 1902-இல் தங்கவயலுக்கு வந்த அந்த மின்சாரம், பெங்களூர் நகரத் தெருக்களுக்கு வந்தது 1905-இல்தான். இறங்கியவர்களின் நுரையீரலில் கல்தூள் படிந்தது. 1940-களில் தங்கவயல் தொழிலாளர் 7,653 பேரைச் சோதித்த மருத்துவர்கள் அவர்களில் 43.7 விழுக்காட்டினருக்கு சிலிகோசிஸ் நோய் இருப்பதைக் கண்டனர்.

புதையல் கதையில் இவற்றுக்கு இடமில்லை. புதையலைத் தோண்டுபவனுக்கு வரும் ஆபத்து மாயத்தால் வருகிறது. தங்கவயலில் அது கம்பெனி வகுத்த வேலைமுறையால் வந்தது. படம் ஆங்கிலேயரின் பேராசையைக் காட்டாமலில்லை. ஆனால் கிளெமென்ட் என்ற ஒரு மனிதரின் பேராசையாகவே காட்டுகிறது. லண்டனில் பங்குதாரருக்கு ஈவுத்தொகை போய்க்கொண்டிருக்க, இங்கே வரிசை வீடுகளில் வேலைக்குச் சங்கு ஊதிய ஓர் ஏற்பாடு அவரைவிடப் பெரியது. அதற்குத் தனிமனிதக் கெட்டவன் யாரும் தேவைப்படவில்லை.

புத்தர்

படத்தின் மாயக்கதை வீண் அலங்காரம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இந்த மண்ணின் மூத்தகுடிகள் பூர்வ பௌத்தர்கள், பின்னர் தாழ்த்தப்பட்டவர்கள் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் கருத்தையே இரஞ்சித் காட்சிகளாக மாற்றுகிறார். மண்ணுக்குள்ளிருந்து தலை துண்டிக்கப்பட்ட புத்தர் சிலை வெளிப்படுவது அதனால்தான். பொன் தேடிப் போனவன் தன் பழைய நினைவைத் தோண்டி எடுக்கிறான் என்பது நல்ல கற்பனை.

ஆயினும் தங்கவயலுக்குப் புத்தர் உண்மையில் வந்த கதை இந்தக் கற்பனையைவிடச் சுவையானது. அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. சுரங்கத்திலிருந்து ஏறி வந்தவர்கள் சொற்பொழிவு கேட்டனர், 'தமிழன்' இதழை வாசித்தனர், சந்தா கட்டினர். 1914-இல் அயோத்திதாசர் மறைந்த பிறகு அவருடைய நூல்களைத் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. 1926-இல் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை அங்கிருந்தே மீண்டும் தொடங்கினார். அதாவது அம்மக்கள் புத்தரை மண்ணில் தோண்டி எடுக்கவில்லை, கூலிக்காசில் அச்சடித்தார்கள். படத்தில் தங்கலானுக்கு அறிவு கனவிலும் மயக்கத்திலும் வருகிறது. அவனுடைய பேரப்பிள்ளைகளுக்கு அது இரவுப்பள்ளியிலும் சங்கக் கூட்டத்திலும் வந்தது. அவர்களே முயன்று தேடிக்கொண்டதைப் பரம்பரை நினைவின் கணக்கில் எழுதிவிடுவது, அவர்களைப் பெருமைப்படுத்த எண்ணிய படம் அறியாமல் செய்த குறைவு.

பிரசாந்த் நீல் இயக்கிய கே.ஜி.எஃப் (2018, 2022) கன்னடப் படங்களோடு ஒப்பிட்டால் தங்கலான் எவ்வளவோ மேல். அவற்றில் சுரங்கம் 1951-இல் கண்டுபிடிக்கப்படுகிறது. உண்மையான தங்கவயலுக்கு அப்போது எழுபது வயது. அதில் வரும் தொழிலாளர்கள் முகமற்ற அடிமைக் கூட்டம். மீட்பதற்கு வெளியிலிருந்து ஒரு நாயகன் வந்தாக வேண்டும். தங்கலானில் மக்களுக்குப் பெயர் இருக்கிறது, சாதி இருக்கிறது, ஊர் இருக்கிறது, வாய்ப்பேச்சு இருக்கிறது. நாயகன் அவர்களில் ஒருவன்.

கம்பெனி வந்த பின்னான காலத்தைத் தமிழ்த் திரை இன்னும் தொடவில்லை. கைரேகை எடுத்துத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை எதிர்த்து 1930-இல் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தங்கலானோடு வேப்பூரிலிருந்து நடந்து வந்தவர்களின் மூன்றாம் தலைமுறை அது. தங்களைத் திருடர்களைப்போல் நடத்துகிறார்கள் என்பது அவர்களின் ஆத்திரம். அந்த வேலைநிறுத்தத்தில் பாம்பும் இல்லை, மாயப்பெண்ணும் இல்லை. மையில் விரல் வைக்க மறுத்த ஆயிரக்கணக்கான பேர் இருந்தார்கள்.