சுண்ணாம்பும் குணமும்

வீட்டுச் சுவரின் நிறத்தைச் சொன்னால் வீட்டுக்காரரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பது ஞாயிற்றுக்கிழமை இணைப்புகளுக்கு வற்றாத சரக்கு. மஞ்சள் அடிப்பவர் கலகலப்பானவர், நீலம் அமைதி, சிவப்பு என்றால் முன்கோபம். இந்தப் பேச்சுக்குக் கல்வி அந்தஸ்து வாங்கித் தந்தவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் லூஷர். 1947இல் அவர் கொண்டுவந்த நிறச் சோதனையின் சுருக்க வடிவத்தில் எட்டு அட்டைகள். பிடித்த வரிசையில் அடுக்கினால் ஆளுமை தெரிந்துவிடுமாம். உளவியல் துறை பிற்பாடு அதைப் பெரிதாக மதிக்கவில்லை. பெயிண்ட் கடை மதித்தது. ராசிக்கு ஏற்ற கலர் சொல்லும் நம்மூர் ஜோதிடருக்கும் இதற்கும் அடிப்படையில் சண்டை எதுவும் கிடையாது. உங்களுக்குள் மாறாத ஒன்று முதலிலேயே இருக்கிறது, அது பிறகு சுவருக்கு வந்து சேர்கிறது என்றுதான் இரண்டும் சொல்கின்றன. சுவர் என்பது ‘தன்னிலை’யின் கண்ணாடி என்பதாக.

இந்த வாதத்தைப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் கொண்டுவந்து உரசிப் பார்க்கலாம் என்று தோன்றியது. சுவருக்கு வேண்டிய அத்தனையும் மண்ணுக்கடியிலேயே கிடக்கிற பூமி இது. கிரெட்டேசியக் காலத்தில் கடலாக இருந்த இடம். சுண்ணாம்புப் பாறை அடுக்கு ஒன்றுக்குப் புவியியலாளர்கள் ‘அரியலூர்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஓடை கரைத்த மேட்டில் அம்மோனைட்டுகளின் சுருள் ஓடுகள் கிடைக்கும். சாத்தனூரில் மரமே கல்லாகிக் கிடக்கிறது. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டு, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, கஞ்சியோ வஜ்ஜிரமோ சேர்த்து, ஒரு சிட்டிகை நீலம் கலந்து மட்டையால் அடித்தால் வெள்ளைச் சுவர். பொங்கலுக்கு முன்னால் ஊரே அடிக்கும். அப்போது யாரும் யாருடைய குணத்தையும் சுவரில் தேடவில்லை.

ஊரே என்று எழுதிவிட்டேன். எந்த ஊர்?

கொஞ்சம் மேற்கே போனால் கரூர். அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயருடைய அரசன் வெங்கால நாட்டுக் கம்மாளருக்குச் சில உரிமைகளை வழங்குகிறான். நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்புப் போடலாம். கூடவே, வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இதை அரசனின் தாராளமாக வாசித்துப் பழகியிருக்கிறோம். திருப்பி வாசிக்க வேண்டும். கோயிலுக்கு வேண்டிய சிலையையும் நகையையும் இரும்பையும் செய்துகொடுத்த கைகளுக்கு அந்த ஆணைக்கு முன்னால் தங்கள் வீட்டுச் சுவரில் சாந்து பூச உரிமை இல்லை. கம்மாளர் நிலையே இது என்றால் சேரியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. நிறம் ஒருவரின் குணத்தைக் காட்டுவதற்கு முன்னால் அது ஓர் அனுமதிச் சீட்டாக இருந்திருக்கிறது.

இது ஏதோ சோழர் காலத்துச் சங்கதி, முடிந்துபோனது என்று சொல்லிவிட முடியாது. 1930இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்ததை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். நகை கூடாது, சட்டை கூடாது, குடை கூடாது என்று நீளும் அந்தப் பட்டியலில் வீட்டுக்குள் மண் பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது என்பதும் உண்டு. அடுப்படிச் சட்டிவரை அடுத்தவன் தீர்மானிக்கிற வீட்டில் ‘உங்கள் ஆளுமைக்கு ஏற்ற வண்ணம் எது?’ என்ற கேள்வியை யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது அந்தத் தடை இல்லை. வேறு ஒன்று வந்திருக்கிறது. இரண்டு மாவட்டங்களிலும் காலனிகளைச் சுற்றிவந்தால், தொகுப்பு வீடு, 2010இல் வந்த கலைஞர் வீடு, 2011இல் வந்த 300 சதுர அடிப் பசுமை வீடு, பிரதமர் திட்ட வீடு என்று ஆட்சி வாரியாகக் காலத்தைக் கணக்கிட்டுவிடலாம், பாறை அடுக்கைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. வாசலுக்கு மேலே திட்டத்தின் பெயர், ஆண்டு, தொகை, பயனாளியின் பெயர். இந்தச் சுவருக்குச் சொந்தக்காரரின் ஆளுமை என்னவென்றால் ‘பயனாளி’. ஒன்றிய அரசு 2023-24இல் பிரதமர் திட்ட வீடுகளில் முத்திரை பதித்தே ஆக வேண்டும் என்று நின்றபோது, அது குடியிருப்பவரின் சுயமரியாதைக்கு இழுக்கு என்று கேரள அரசு மறுத்தது. அந்தச் சண்டையில் நிதி அரசியல் கலந்திருக்கிறது, தெரியும். ஆனாலும் சுயமரியாதை என்ற சொல் சுவரைப் பற்றிய பேச்சில் வந்தது முக்கியம். அந்தச் சொல்லை ஊருக்கெல்லாம் கொடுத்த தமிழ்நாட்டில் இதைப் பெரிதாக யாரும் பேசவில்லை.

ஒரே மாதிரிச் சுவர் என்பதையே குறையாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1997இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரங்களில் நூறு வீடுகள்: தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எல்லாம் ஒரே அச்சு. வீட்டைப் பார்த்தால் ஆள் தெரியக் கூடாது என்பதே அதன் அரசியல். ஆள் தெரிவதுதான் ஆபத்து என்ற இடத்தில் தனித்தன்மை இல்லாமல் இருப்பது ஒரு பாதுகாப்பு. அலங்காரப் பத்திரிகைக்கு இது புரியாது. நீலம் அமைதியின் நிறம் என்கிறது லூஷர் வகையறா. இங்கே ஒரு பெயிண்டர் என்னிடம் சொன்னது வேறு: “அந்த நீலம் வேணாம்பாங்க சார். அடிச்சா என்ன ஆளுங்கன்னு ரோட்டுல போறவனுக்கே தெரிஞ்சிடும்.” அதே நீலத்தைத்தான் வேணும் என்று கேட்டு வாங்கி, தெருவைப் பார்த்த சுவரில் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். இருவருக்கும் நிறத்தைத் தேர்ந்தது மனசு மட்டுமல்ல, தெரு.

தூசியையும் சொல்ல வேண்டும். அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979இல் உற்பத்தியைத் தொடங்கியது. தனியார் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன. கல் ஏற்றிய லாரிகள் போகும் சாலையோரம் எந்த நிறம் அடித்தாலும் கொஞ்ச நாளில் எல்லாம் ஒரே சாம்பல். ஆகவே அங்கே ‘அழுக்குத் தெரியாத கலர்’ என்பதுதான் விருப்பம். ஜெயங்கொண்டம் பக்கம் இன்னும் மோசம். நிலக்கரித் திட்டத்துக்காக 1990களின் இரண்டாம் பாதியில் நிலம் எடுக்கத் தொடங்கினார்கள். திட்டம் வரவேயில்லை. நாளைக்கு இருக்குமா என்று தெரியாத வீட்டுக்கு எவன் கலர் பார்ப்பான்? வருடக்கணக்கில் பூசாமல் நின்ற சுவரை அந்த வீட்டுக்காரரின் ‘ஆர்வமின்மை’ என்று ஓர் உளவியல் அட்டை குறித்துக்கொள்ளும். (மாவட்டத்தின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1995இல் பெரம்பலூர் திருச்சியிலிருந்து பிரிந்தது, 2001இல் அரியலூர் பிரிந்தது, 2002இல் திரும்பச் சேர்த்தார்கள், 2007இல் மறுபடியும் பிரித்தார்கள். பெயர்ப்பலகை எழுதினவனுக்குத்தான் பிழைப்பு.)

இதுவரை சொன்னது நம்ம ஆட்களுக்கு உவப்பாக இருக்கும். அடுத்தது இருக்காது.

லெப்பைக்குடிகாட்டில் வளைகுடாப் பணம் கட்டிய வீடுகளைப் பார்த்துவிட்டு, காலனியில் ரோஸும் கிளிப்பச்சையும் அடித்த வீடுகளைப் பார்த்துவிட்டு, “ஒரே நுகர்வு வெறி, ரசனையே இல்லை” என்று முகம் சுளிப்பது நம் தோழர்கள்தான். இந்தச் சுளிப்புக்கு நீண்ட வம்சாவளி உண்டு. காட்டு மக்கள், படிக்காதவர்கள், குழந்தைகள் பளிச்சென்ற நிறங்களை விரும்புவார்கள், பண்பட்டவர்கள் ஒதுக்குவார்கள் என்று கதே 1810இலேயே எழுதினார். லெ கார்பூஸியே 1925இல் எல்லாச் சுவருக்கும் வெள்ளையடிக்கச் சொன்னார், அகமும் சுத்தமாகிவிடும் என்று. ரசனை என்பது தேர்ந்தெடுப்பவரின் வர்க்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது என்று பூர்தியு 1979இல் விளக்கியதை நாம் மேடையில் மேற்கோள் காட்டுவோம். நம் வீட்டுக்கு வந்தால் வெளிர் நிறம், ஒரு சுடுமண் குதிரை, மூங்கில் திரை. வசதி கொஞ்சம் கூடியவர்களிடம் பூசாத செங்கல் சுவர். லாரி பேக்கர் ஏழை வீட்டின் செலவைக் குறைக்கப் பூச்சைத் தவிர்க்கச் சொன்னார். அது இங்கே படித்தவர்களின் எளிமைச் சின்னமாக ஆகிவிட்டது. பூசாத சுவரிலிருந்து வெளியேறத் தலைமுறைகள் எடுத்துக்கொண்ட ஒருவரிடம் போய்ப் பூசாத சுவரின் அழகைப் பேசுவது என்ன மாதிரியான விமர்சனம்? அவருக்குச் சாந்து பூசுவது கரூர்க் கல்வெட்டிலிருந்து பாக்கி இருக்கிற காரியம்.

அப்படியானால் குணம், ஆளுமை என்று எதுவுமே இல்லையா, எல்லாம் ‘கட்டமைக்கப்பட்டது’தானா என்று கேட்கலாம். அந்த அளவுக்கு நான் போகவில்லை. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு காலனியில் வரிசையாக எட்டு வீடுகள். வெளிச்சுவர் எட்டும் ஒன்றுபோல வெளிறியிருக்கின்றன. உள்ளே போனால் எட்டும் எட்டு விதம். ஒன்றில் சமையல் மூலை மட்டும் மாம்பழ மஞ்சள். ஒன்றில் கதவு உயரம்வரை கருநீலம், அதற்கு மேலே வெள்ளை, நடுவில் கைநடுங்கிய ஒரு சிவப்புக் கோடு. கோடு யார் போட்டது என்று கேட்டேன். அந்த வீட்டு அம்மா சின்ன வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னார்: “நாந்தான். வெளியில அவரு இஷ்டம், கவுர்மெண்டு இஷ்டம். உள்ள நான்ல இருக்கேன்.” பெயிண்ட் எங்கே வாங்கினீர்கள் என்றதற்கு, வேலை பார்த்த வீட்டில் மிச்சமானது என்றார். மூன்று டப்பா, மூன்று கலர். அதில் ஒன்றை அவருக்குப் பிடிக்காமல் அப்படியே மூலையில் மூடி வைத்திருந்தார்.