தணிக்கையும் சாட்சியமும்

வங்கப் பஞ்சத்தை ‘தர்த்தி கே லால்’ (1946) படத்தில் பதிவு செய்தவர், அலிகரில் பயின்ற குவாஜா அகமது அப்பாஸ் (1914–1987). அவரது தணிக்கை வழக்கு நம் கவனத்திற்குரியது.

கல்கத்தா, பம்பாய், சென்னை, டில்லி ஆகிய நகரங்களின் செழிப்பையும் வறுமையையும் அருகருகே நிறுத்தியது அவரது குறும்படம் ‘சார் ஷஹர் ஏக் கஹானி’ (1968). வயதுவந்தோர்க்கு மட்டும் என்றது தணிக்கைக் குழு. பம்பாயின் விலைமாதர் தெருக் காட்சிகளை வெட்டினால் அனைவருக்குமான சான்றிதழ் தருவதாக மேல்முறையீட்டில் அரசு கூறியது. அப்பாஸ் உச்ச நீதிமன்றம் சென்றார். விசாரணையின்போது அரசு வெட்டின்றியே சான்றிதழ் தர இசைந்தது. அவரோ, முன்தணிக்கையே முறைதானா என்ற வினாவைக் கைவிடவில்லை. 1970இல் தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா தலைமையிலான அமர்வு, தணிக்கை செல்லும் என்றது. கலைக்கு இடமளிக்கும் அளவுகோல்கள் வேண்டுமென்றும் வலியுறுத்தியது.

தணிக்கை நாணத்தைக் காக்கிறது என்று நம்மவருள் பலர் கருதுவர். தனிமனிதரின் குறையை மறைக்கும் ‘ஸத்ர்’ நற்பண்பே. ஆயினும் சாட்சியத்தை மறைப்பது பாவமென்பதும் நம் மார்க்க நெறியன்றோ? அப்பாஸ் காட்ட விழைந்தது அப்பெண்களின் குறையையன்று. அவர்களை அங்கே தள்ளிய சமூகத்தின் குற்றத்தை. திரைப்படம் பிற கலைகளினும் ஆழமாக உணர்ச்சியைத் தூண்டும் என்பது தீர்ப்பின் முக்கிய வாதம். அவ்வாறெனில் அதன் சாட்சியமும் அவற்றினும் வலியதாகும். தீர்ப்பு இப்பக்கத்தைப் போதிய அளவு எடைபோடவில்லை என்பதே நம் கருத்து.

பின்னாளில் அமைந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2021இல் கலைக்கப்பட்டது. இயக்குநர்கள் இன்று உயர் நீதிமன்றப் படியேற வேண்டியுள்ளது. அப்பாஸின் வினா இன்னும் விடை கோருகிறது.