வன்னிக் காதுக்குத் தப்பாத வெடி

பொலிஸ் படம் பார்க்கும்போது கதாநாயகனின் முகத்தை விட்டுவிட்டு அவருடைய ஆட்காட்டி விரலைப் பாருங்கள். துடுப்பாட்டக்காரரைக் காலசைவால் எடைபோடுவதுபோல, துவக்கு ஏந்தி நடிப்பவரை அந்த விரலால் எடைபோடலாம். பயிற்சி பெற்ற பொலிஸ்காரர் சுடத் தீர்மானிக்கும் வரை விசையைத் தொடமாட்டார். விரல் துவக்கின் உடலோடு நீண்டு கிடக்கும். நம் நாயகர்களில் பலருக்கோ, முன்னால் நடப்பவர் சக பொலிஸ்காரராக இருந்தாலும், விரல் விசையில்தான்.

அடுத்தது கணக்கு. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஏகே ரவைக்கூட்டில் எத்தனை ரவை என்று சொல்லித்தர வேண்டியதில்லை. 30. நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 என்ற வேகத்தில், விசையை அழுத்திப் பிடித்தால் மூன்றே விநாடியில் கூடு காலி. திரையில் அது தீர்வதே இல்லை. நடிப்புக்கு இடம் கிடைப்பது கூடு தீர்ந்த பிறகுதான்: மறைவு தேட வேண்டும், எதிராளி அந்த இடைவெளிக்காகவே காத்திருப்பான். மைக்கேல் மான் 1995இல் எடுத்த 'ஹீட்' படத்தின் வீதிச் சண்டையில் வால் கில்மர் ரவைக்கூடு மாற்றும் சில விநாடிகள் இன்றும் பேசப்படுகின்றன. அந்த நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் பிரித்தானிய விசேட படையில் இருந்த அண்டி மக்னாப்.

அந்தச் சண்டையின் ஒலியும் தனி. ஸ்டூடியோவில் செய்த சத்தத்தை ஒட்டாமல், லொஸ் ஏஞ்சல்ஸ் வீதியில் வெற்று ரவை சுட்டபோது கட்டடங்களில் மோதித் திரும்பிய சத்தத்தையே மான் வைத்துக்கொண்டார். தமிழ்ப் படங்கள் வன்னி ரசிகரிடம் தோற்பது இந்த இடத்தில்தான். ஏகே ரவை குழலை விட்டு விநாடிக்கு ஏறத்தாழ 700 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது. ஒலியின் வேகம் அதில் பாதிதான். அதனால் தூரத்திலிருந்து நம் பக்கம் சுட்டால், காற்றைக் கிழிக்கும் 'சடார்' முதலில் கேட்கும். சுட்ட இடத்தின் 'டும்' பிறகுதான் வரும். பதுங்குகுழிக்குள் இருந்தபடி அந்த இடைவெளியால் தூரத்தைக் கணித்த தலைமுறை இங்கே போர் முடிந்த 2009 மே வரை வாழ்ந்தது. அவர்களுக்கு எல்லாத் துவக்கும் ஒரே குரலில் இடிக்கிற படம் பொம்மை விளையாட்டாகத்தான் படும். சத்தக்குறைப்பான் பூட்டிய கைத்துப்பாக்கி 'புஸ்' என்று மட்டும் சொல்வதும் பொய். அது சத்தத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. நுணுக்கம் பார்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வெடிக்குப் பாரம் இல்லாத படத்தில், விழுகிற உடலுக்கும் பாரம் இருப்பதில்லை.

அஜித் குமாரிடம் தமிழ்த் திரையுலகம் தவறவிட்ட வாய்ப்பு ஒன்று உண்டு. 2021 மார்ச்சில் தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் சென்னை ரைபிள் கிளப் அணியோடு நின்று 4 தங்கமும் 2 வெள்ளியும் பெற்றார். அடுத்த ஆண்டு திருச்சியில் 4 தங்கம், 2 வெண்கலம். 10 மீற்றர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கிப் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர், மூச்சை அடக்கி, உடலை அசையாமல் நிறுத்தப் பழகியவருக்கே அது வசப்படும். இந்த இரு போட்டிகளுக்கும் நடுவே, 2022 பெப்ரவரியில், அவர் பொலிஸ் அதிகாரியாக நடித்த 'வலிமை' வந்தது. அந்தப் படம் நம்பியது அவருடைய மோட்டார் சைக்கிள் ஓட்டத்தை. மறுவருடம் 'துணிவு' படத்தில் துவக்குகள் நிறைய வந்தன, அங்கும் எண்ணிக்கைக்குத்தான் மரியாதை. சுடுதளத்து நிதானத்தை நம்பி அவருக்கு ஒரு காட்சியாவது எழுதியிருக்கலாம்.

'கைதி' (2019) படத்தின் முடிவில் கார்த்தி இயக்கும் ஆறு குழல் துவக்கு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுடும் வகை. மின்சாரம் இல்லாமல் குழல் சுழலாது. 3000 ரவைகளின் பாரமே 70 கிலோவைத் தாண்டும். கைத்திறனைக் காட்ட அதில் இடமே இல்லை. அதே படத்தில் ஜோர்ஜ் மரியான் நடித்த பொலிஸ்காரர் நெப்போலியன், சில மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு காவல் அலுவலகத்தைக் காக்கிறார். பயத்தோடேயே கடமையில் நிற்கிற அவருக்குத்தான் என் முழுப் புள்ளியும்.

வன்னியில் குறும்படம் எடுக்கும் தம்பி, தங்கையருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2021 ஒக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் உண்மையான ரவை கலந்துவிட்டதால் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். நம் காட்டோரங்களில் இடியனும் கட்டுத்துவக்கும் இன்னும் ஆட்களைக் காயப்படுத்துகின்றன. மரத்தில் செய்த துவக்கே படப்பிடிப்புக்குப் போதும். அதை வீதிக்குக் கொண்டுவரும் முன் பொலிஸுக்கும் கிராம அலுவலருக்கும் அயலவருக்கும் அறிவியுங்கள். மண்ணுக்குள்ளிருந்து வந்த பழைய ரவையையோ துருப்பிடித்த பாகத்தையோ காட்சிக்காக எடுக்காதீர்கள். தொடாமல் விலகி நின்று, உடனே பொலிஸுக்குத் தகவல் கொடுங்கள்.