பதின்மூன்று குடியேற்றங்களின் புரட்சி: வரலாற்றுப் பள்ளிகளும் உரைகல்லும்

குடியேற்றங்களின் பத்திரங்களுக்கும் அச்சுத்தாள்களுக்கும் பிரிட்டன் வரி விதித்த முத்திரைச் சட்டம் 1766ஆம் ஆண்டு ரத்தான செய்தி கப்பலில் வந்து சேர்ந்தபோது அமெரிக்கத் துறைமுக நகரங்கள் விளக்கேற்றிக் கொண்டாடின. மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் குதிரைமேல் வீற்றிருக்கும் சிலை வைக்க நியூயார்க் சட்டமன்றம் தீர்மானித்தது. ஈயத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசிய அந்தச் சிலை 1770இல் நிறுவப்பட்டது. 1776 ஜூலை 9 அன்று அதே ஊர் மக்கள் அதைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்கள். உருக்கிய ஈயம் விடுதலைப் படையின் துப்பாக்கிக் குண்டுகளாயிற்று.

பத்தே ஆண்டுகளில் ராஜபக்தி இப்படிப் பகையானது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெரும் வரலாற்று மரபு வளர்ந்திருக்கிறது. அதில் பள்ளிகள் பல. ஒவ்வொரு பள்ளியும் எந்தக் காகிதக் கட்டைப் பிரித்துப் படித்தது, யாருடைய குரலைக் கேட்காமல் விட்டது என்று பார்த்தால் அதன் தரம் தெரிந்துவிடும்.

முதல் பெரும் பள்ளியின் தலைமகன் ஜார்ஜ் பான்கிராஃப்ட். 1834 முதல் 1874 வரை பத்துத் தொகுதிகளாக அமெரிக்க வரலாற்றை எழுதினார். லண்டனில் தூதராக இருந்த காலத்தில் அங்குள்ள ஆவணங்களைப் படியெடுத்துச் சேர்த்த உழைப்பாளி. ஆனால் அவர் பார்வையில் புரட்சி என்பது தெய்வ சித்தத்தால் சுதந்திரம் முன்னேறிய கதை. எதிரே நின்றது ஒரு கொடுங்கோல் மன்னன். நடை கம்பீரமானது. எதிர்த்தரப்புக்கு நியாயம் ஒன்று இருக்கக்கூடும் என்ற எண்ணம் மட்டும் அதில் இல்லை.

அந்த நியாயத்தை எடுத்துச் சொன்னவர்கள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பேரரசுப் பள்ளியினர்: ஜார்ஜ் லூயி பியர், சார்லஸ் ஆண்ட்ரூஸ், பிறகு பதினைந்து தொகுதிகள் எழுதிய லாரன்ஸ் ஹென்றி கிப்சன். இவர்கள் லண்டன் அலுவலகங்களின் மேசையிலிருந்து பிரச்சினையைப் பார்த்தார்கள். 1763இல் ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறத்தாழ 13 கோடி பவுண்டு. அமெரிக்காவில் நிறுத்திய படைக்குச் சம்பளம் தரவேண்டும். அந்தப் படையால் காக்கப்படுபவர்கள் கொஞ்சமாவது செலவைத் தாங்கட்டும் என்பது மந்திரிகளின் கணக்கு. 1764ஆம் ஆண்டின் சர்க்கரைச் சட்டம் கரும்புப் பாகு மீதான வரியைக் கேலனுக்கு ஆறு பென்ஸிலிருந்து மூன்றாகக் குறைக்கவே செய்தது. ஆனால் கறாராக வசூலிக்கச் சொன்னது. கடத்தல் வழக்குகளை ஜூரி இல்லாத கடல்சார் நீதிமன்றங்களுக்கு அனுப்பவும் வழி செய்தது. அதிகாரிகளின் சங்கடத்தை இந்தப் பள்ளி நேர்மையாகக் காட்டியது. குறைந்த வரிக்கு ஏன் இவ்வளவு கோபம் என்பதற்கு மட்டும் அதனிடம் விடை இல்லை.

அடுத்து வந்தது முற்போக்குப் பள்ளி. உரிமைப் பேச்சுக்கு அடியில் யாருடைய நலன் இருக்கிறது என்று அது தோண்டியது. சுயாட்சி வேண்டும் என்ற போராட்டத்துக்குள்ளேயே உள்ளூரில் யார் ஆள்வது என்ற போராட்டமும் நடந்ததை 1909இல் நியூயார்க்கை வைத்துக் காட்டினார் கார்ல் பெக்கர். முதலில் வணிகர்கள் தங்கள் லாபத்துக்காகவே புறக்கணிப்பில் இறங்கினார்கள், பிறகு தெருவில் திரண்ட கூட்டத்தைக் கண்டு மிரண்டார்கள் என்று 1918இல் எழுதினார் ஆர்தர் ஷ்லெசிங்கர்.

மரபின் உச்சம் என்று சொல்லத்தக்கது பெர்னார்ட் பெய்லினின் 1967ஆம் ஆண்டு நூல். 1776 வரை வெளியான 400க்கும் மேற்பட்ட அரசியல் துண்டுநூல்களை அவர் ஆராய்ந்தார். ஆங்கில எதிர்க்கட்சி எழுத்தாளர்களின் நூல்களில் ஊறியிருந்த குடியேற்றத்தார், அதிகாரம் எப்போதும் சுதந்திரத்தை விழுங்கப் பார்க்கும் என்று மனதார நம்பினார்கள். எனவே 1765இன் முத்திரைச் சட்டம், இறக்குமதிப் பொருள்கள் மீதான 1767இன் டவுன்ஷெண்ட் வரிகள், 1768இல் பாஸ்டனில் இறங்கிய படை ஆகிய எல்லாம் அவர்களுக்கு ஒரே சதியின் படிகளாகத் தெரிந்தன. 1773இன் தேயிலைச் சட்டத்தால் தேயிலை விலை குறைய வழி வந்தபோதும் பாஸ்டன்காரர்கள் 342 பெட்டிகளைக் கடலில் கொட்டியது ஏன் என்பது இங்கேதான் விளங்குகிறது. மலிவு விலை அவர்களுக்குத் தூண்டில் இரை. ஒரு பவுண்டு எடைக்கு மூன்று பென்ஸ் வரி அதற்குள்ளிருந்த முள்.

ஆனாலும் துண்டுநூல் எழுதியவர்கள் படித்தவர்கள். மற்றவர்கள்? 1961லேயே பெஞ்சமின் குவார்ல்ஸ் கறுப்பின மக்களின் புரட்சியை எழுதியிருந்தார். 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், மன்னர் பக்கம் வந்து போரிடும் கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தார். அந்த அடிமைகள் சுதந்திரம் தேடி ஓடியது பிரிட்டிஷ் பாசறைக்கு. கேரி நாஷ் நகர ஏழைகளையும், ஆல்ஃபிரெட் யங் தேயிலை கொட்டிய ஒரு செருப்புத் தொழிலாளியையும், மேரி பெத் நார்ட்டன் பெண்களையும், காலின் காலவே பூர்வகுடிகளையும் வரலாற்றுக்குள் கொண்டுவந்தார்கள். மன்னர் விசுவாசம் மாறாமல் நாட்டை விட்டு வெளியேறியவர்களே ஏறத்தாழ 60,000 பேர்.

இத்தனை பள்ளிகளையும் உரசிப் பார்க்கப் பிரிட்டன் ஆண்ட கரீபியன் தீவுகளைவிட நல்ல உரைகல் இல்லை. 1765இல் செயின்ட் கிட்ஸ், நெவிஸ் தீவுகளிலும் முத்திரைத் தாள்களை எரித்தார்கள். ஜமைக்கா சட்டமன்றமும் உரிமை பேசியது. ஆயினும் அந்தத் தீவுகள் புரட்சியில் சேரவில்லை. 2000ஆம் ஆண்டு வெளியான நூலில் ஆண்ட்ரூ ஓஷானசி காரணம் சொல்கிறார்: அவர்களுடைய சர்க்கரைக்குப் பிரிட்டனின் பாதுகாக்கப்பட்ட சந்தை வேண்டும், தங்களைவிடப் பல மடங்கு பெருகியிருந்த அடிமைகளை அடக்கிவைக்க அரசின் படையும் வேண்டும். ஒரே சட்டம், ஒரே நாடாளுமன்றம், ஒரே உரிமை வாதம்; முடிவு வேறு. கருத்தை மட்டும் பேசும் பள்ளியும் காசை மட்டும் பேசும் பள்ளியும் இங்கே தனியாக நிற்க முடியாது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களே தேறுகிறார்கள்.

கிழக்கு நோக்கியும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பாஸ்டன் கடலில் விழுந்த தேயிலை, சென்னைக் கோட்டையை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. 1769இல் ஹைதர் அலி சென்னையை நெருங்கிய செய்தி லண்டனில் கம்பெனியின் பங்கு விலையைச் சரித்தது. 1770இல் வங்காளப் பஞ்சம். நெருக்கடியில் சிக்கிய கம்பெனியைக் காக்க 1773இல் 14 லட்சம் பவுண்டு அரசுக் கடன், அதோடு அதன் தேயிலையை விற்க வழிசெய்த தேயிலைச் சட்டம். 1781இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் தோற்ற பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ்தான் 1792இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் பாரமகாலையும் பறித்தார். சென்னை ஆவணக் காப்பகத்தில் அமரும் தமிழ் ஆய்வு மாணவர்கள் இந்த இரு கரைகளையும் சேர்த்து எழுத முன்வர வேண்டும்.